450 ஹெலிக்குச் சோதனை ஸ்டாண்டு கட்டினேன்: 2,900 சுற்றில் மட்டும் ஏன் இப்படி நடுங்குகிறது?

#1 சுழல்விசிறி, ஞாயிறு இரவு 9.40

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் விடுமுறையில் என் 450 ஹெலி (ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டர்) தரையில் மோதி, மெயின் ஷாஃப்டிலிருந்து டெயில் பூம் வரை எல்லாம் போய்விட்டது. ஒவ்வொன்றாக வாங்கி மறுபடி பூட்டிவிட்டேன். ஆனால் நேராகப் பறக்கவிட மனம் வரவில்லை. கட்டிப்போட்டு ஓட்டி, எண்களைப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகு பறக்கலாம் என்று ஒரு சோதனை ஸ்டாண்டு செய்தேன்.

ஹெலி: 325 மி.மீ. கார்பன் பிளேடு, ரோட்டர் விட்டம் சுமார் 710 மி.மீ., பேட்டரியோடு 780 கிராம். மூன்று செல் 2200 லைப்போ, 3500 கே.வி. மோட்டார், 13 பல் பினியன், 150 பல் மெயின் கியர். ஃபிளைபார் (ரோட்டர் தலையில் சமநிலைக்காகக் குறுக்கே வரும் தண்டு) இல்லாத வகை.

ஸ்டாண்டு: பட்டறை மேசையின் விளிம்பில் 5 கிலோ பட்டை வடிவ லோடு செல்லின் (விசையை அளக்கும் சென்சார்) ஒரு முனையை போல்ட் செய்தேன். மறுமுனையில் 200 x 250 மி.மீ. பிளைவுட் பலகை. அதன்மேல் ஹெலியின் கால்களைக் கேபிள் டையால் கட்டியிருக்கிறேன். சென்சார்கள்: தூக்குவிசைக்கு லோடு செல்லும் எச்.எக்ஸ்.711 பலகையும், சுற்று எண்ண ஏ3144 ஹால் சென்சாரும் மெயின் கியரில் ஒட்டிய சிறு காந்தமும், மின்னோட்டத்துக்கு 30 ஆம்பியர் ஏ.சி.எஸ்.712, அதிர்வுக்கு ஃபிரேமில் ஒட்டிய எம்.பி.யு.6050. எல்லாம் ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை வழியாக, நொடிக்கு 100 முறை படித்து, கணினிக்கு வருகின்றன.

இனிதான் பிரச்சினை. நிமிடத்துக்கு 2,600 சுற்று வரை அமைதி. 2,900ஐ நெருங்கும்போது மேசையே நடுங்குகிறது. அதிர்வுக் கோடு 2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு) வரை ஏறித் தட்டையாக நிற்கிறது. 3,100க்கு மேல் போனால் மறுபடி குறைகிறது. ஸ்பிண்டில், டாம்பர், பிளேடு ஜோடி, மெயின் ஷாஃப்ட் என்று வரிசையாக மாற்றினேன். 3,400 ரூபாய் செலவு. நடுக்கம் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். 2,800 சுற்றில் அதிர்வுக் கோட்டில் அரை நொடிக்கு ஒரு முறை மெதுவாக ஓர் ஊசலாட்டம் தெரிகிறது. கண்ணால் பார்த்தால் அப்படி எதுவும் ஆடவில்லை. அடுத்தது, விபத்துக்கு முன் பறந்தபோது 5 பாகை பிட்ச்சில்தான் (பிளேடின் சாய்வுக் கோணம்) அந்தரத்தில் நின்றது. ஸ்டாண்டில் 4 பாகையிலேயே முழு எடையையும் தூக்கிவிட்டதாக லோடு செல் சொல்கிறது.

எதை மாற்ற வேண்டும்?

#2 மேகத்தேர், ஞாயிறு இரவு 10.15

டிராக்கிங் பார்த்தீர்களா? ஒரு பிளேடின் நுனியில் சிவப்பு டேப், மற்றதில் கறுப்பு டேப் ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் ஓடாவிட்டால் இப்படித்தான் நடுங்கும். பிளேடுகளின் எடையை மட்டுமல்ல, எடைமையத்தையும் ஒப்பிட வேண்டும்.

#3 சுழல்விசிறி, ஞாயிறு இரவு 10.32

பார்த்துவிட்டேன். டிராக்கிங் சரியாக இருக்கிறது. இரண்டு பிளேடுகளையும் கத்தி முனையில் வைத்து எடைமையமும் ஒப்பிட்டேன். கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இல்லை.

#4 அதிர்வெண், திங்கள் காலை 6.10

தம்பி, நான் முப்பது ஆண்டுகள் பம்பு, மோட்டார் அதிர்வுகளோடு வேலை செய்தவன். மாடல் ஹெலி எனக்குப் புதிது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை எழுந்து உட்கார வைத்தது: பிளேடு, ஷாஃப்ட், ஸ்பிண்டில் மாற்றியும் நடுக்கம் "அதே இடத்தில்" இருக்கிறது என்கிறீர்கள். கோளாறு அந்தப் பாகங்களில் இருந்திருந்தால் கொஞ்சமாவது கூடியோ குறைந்தோ இருக்க வேண்டும். மாறாமல் இருந்தது எது? உங்கள் ஸ்டாண்டு ஒன்றுதான்.

இரண்டாவது அடையாளம், 3,100க்கு மேல் குறைகிறது என்பது. சமநிலை இல்லாத ரோட்டர் வேகம் கூடக் கூட அதிகமாகத்தான் தள்ளும்; விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஒரு வேகத்தில் உச்சம் தொட்டு அதற்குமேல் இறங்குகிறது என்றால் அது ஒத்ததிர்வு: ரோட்டரின் வேகம், தட்டினால் ஒரு பொருள் தானாக ஆடும் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திவிடுவது.

லோடு செல்லை நாம் தராசு என்று நினைக்கிறோம். அது ஒரு வில். வளைந்தால்தான் அளக்க முடியும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பலகையில் வைத்து, டயல் கேஜால் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 5 கிலோ செல் என்றால் 0.15 மி.மீ. போல இறங்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் அந்த வில்லின் விறைப்பு மீட்டருக்கு ஏறத்தாழ 1,30,000 நியூட்டன். அதன்மேல் பலகையோடு 1.1 கிலோ உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் போட்டால் இயல்பு அதிர்வெண் 55 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வரும். 2,900 சுற்று என்பது நொடிக்கு 48. இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று நீங்களே பாருங்கள்.

இனி ஒரு பாகமும் வாங்காதீர்கள். ஹெலி பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஃபிரேமை ஒரு தட்டுத் தட்டி, அடங்கும் அலையைப் பதிவு செய்யுங்கள். நொடிக்கு எத்தனை அலை என்று எண்ணுங்கள்.

#5 நிலா_பட்டறை, திங்கள் காலை 8.45

ஐயா சொன்ன திசை சரி. ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் தட்டுச் சோதனையும் தவறாகிவிடும்.

பிளேடின் எடை வேறுபாடு ஹெலியை மேலும் கீழும் தள்ளாது. பக்கவாட்டில், சுற்றிச் சுற்றி இழுக்கும். டிராக்கிங் பிழையும் அப்படித்தான். ஒரு பிளேடு கூடுதலாகத் தூக்கினால் மொத்தத் தூக்குவிசை நிலையாகத்தான் இருக்கும். ரோட்டர் தலையைச் சாய்க்கும் திருப்புவிசைதான் ரோட்டரோடு சுழலும். ஆகவே செங்குத்தான இயல்பு அதிர்வெண்ணைவிடச் சாய்ந்தாடும் அதிர்வெண்தான் முக்கியம். பட்டை லோடு செல் கீழ்நோக்கி வளைய மட்டுமே செய்யப்பட்டது. ஓரத்தில் முறுக்கினால் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உறுதி தரவில்லை. அதன்மேல் பிளைவுட், அதன்மேல் கேபிள் டை, அதன்மேல் பிளாஸ்டிக் கால்கள்! கால்களே இறங்கும்போது அதிர்ச்சி தாங்குவதற்காக வளையும்படி செய்யப்பட்டவை.

எனவே ஃபிரேமில் அல்ல, ரோட்டர் தலையில் தட்டுங்கள். மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை, முன்னிருந்து பின்னாக ஒரு முறை. மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

#6 அதிர்வெண், திங்கள் காலை 9.05

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. பம்பு அடித்தளங்களைப் பார்த்த பழக்கத்தில் செங்குத்தாகவே யோசித்துவிட்டேன். ரோட்டர் தலை உயரத்தில் இருப்பதை மறந்தது என் பிழை. மூன்று திசையிலும் தட்டச் சொன்னதுதான் சரி.

#7 மாதிரிவீதம், திங்கள் மாலை 7.20

தட்டுவதற்கு முன் மென்பொருளில் இரண்டு விஷயங்களைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் தட்டியும் பயனில்லை.

முதலாவது, எம்.பி.யு.6050 இயக்கியவுடன் 2 ஜி வரைதான் அளக்கும். கோடு 2 ஜி-யில் தட்டையாக நிற்பது அதிர்வின் அளவு அல்ல. சென்சாருக்கு அதற்குமேல் கண் தெரியவில்லை. 16 ஜி வரம்புக்கு மாற்றுங்கள். பாகங்களை மாற்றியும் "அதே அளவில்" இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 3 ஜி-யாக இருந்தாலும் 9 ஜி-யாக இருந்தாலும் உங்கள் திரையில் 2 தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, நொடிக்கு 100 முறை போதாது. 100 மாதிரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டுமே நம்ப முடியும். அதற்கு மேலுள்ளவை வேடம் மாற்றிக்கொண்டு கீழே வந்து நிற்கும். உங்கள் அரை நொடி ஊசலாட்டம் எனக்கு அப்படிப்பட்டதாகவே தோன்றுகிறது. உங்கள் ஹெலியில் டெயில் ரோட்டர் மெயினைப்போல் எத்தனை மடங்கு சுற்றுகிறது? 4.24 மடங்கு என்றால், மெயின் 2,800 சுற்றும்போது டெயில் 11,872. நொடிக்கு 198. நூறு மாதிரி எடுக்கும் கருவிக்கு 198 ஹெர்ட்ஸ் அலை 2 ஹெர்ட்ஸ் அலையாகத்தான் தெரியும். அரை நொடிக்கு ஒன்று! உங்கள் கண் பொய் சொல்லவில்லை, ஹெலி மெதுவாக ஆடவே இல்லை.

நொடிக்கு 1,000 என்று வையுங்கள். சென்சாரும் பலகையும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பின் வேகத்தை 400 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் வரும். சென்சாருக்குள்ளேயே இருக்கும் வடிகட்டி 200 ஹெர்ட்ஸை நசுக்காத நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வை-ஃபையில் ஒவ்வொரு அளவாக அனுப்பாமல் 1,024 அளவுகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புங்கள். அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் ஃபூரியர் பகுப்பாய்வில் ஏறத்தாழ ஒரு ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும்.

இன்னொன்று. ஏ.சி.எஸ்.712 ஐந்து வோல்ட்டில் இயங்குவது. 30 ஆம்பியர் வகை ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் தரும், பாதி வோல்ட்டேஜிலிருந்து தொடங்கி. 12 ஆம்பியரைத் தாண்டினாலே வெளியீடு 3.3 வோல்ட்டை மீறும். ஈ.எஸ்.பி.32-இன் காலுக்கு அது ஆகாது. நடுவில் இரண்டு மின்தடை போட்டுப் பிரித்துக் கொடுங்கள்.

#8 சுழல்விசிறி, செவ்வாய் இரவு 11.50

மூவருக்கும் நன்றி. டெயில் விகிதம் 4.24 தான். அந்த வரியைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

டயல் கேஜ் பக்கத்து லேத் பட்டறையில் இரவல் வாங்கினேன். இரண்டு கிலோவுக்கு 0.16 மி.மீ. இறக்கம். பிறகு ரோட்டர் தலையில் தட்டினேன், ஒவ்வொரு திசைக்கும் பத்து முறை.

மேலும் கீழும்: 54 ஹெர்ட்ஸ்.
முன்னும் பின்னும்: 31.
இடமும் வலமும்: 49.

49ஐ 60ஆல் பெருக்கினால் 2,940. நான் ஆறு வாரமாக ஹெலியிடம் தேடிக்கொண்டிருந்த எண் அது. ஹெலி ஓடவே இல்லை, பேட்டரிகூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் பிடியால் தட்டியதற்கே ஸ்டாண்டு அந்த எண்ணைச் சொல்லிவிட்டது.

வரம்பை 16 ஜி ஆக்கி ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். 2,930 சுற்றில் பக்கவாட்டில் 4.1 ஜி. உடனே நிறுத்திவிட்டேன்.

இனி விறைப்பாக்க வேண்டுமா? 20 கிலோ லோடு செல்லும் 10 மி.மீ. அலுமினியத் தகடும் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

#9 மேகத்தேர், புதன் காலை 7.30

ஆம், விறைப்பாக்குங்கள். ஸ்டாண்டு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது.

#10 நிலா_பட்டறை, புதன் காலை 10.20

நான் இதற்கு எதிர்ப்பக்கம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விறைப்பை நான்கு மடங்கு ஆக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்குதான் ஆகும். 49 போய் 98 வரும். ஆனால் இரு பிளேடு ரோட்டரில் சுற்றுக்கு இரண்டு முறை வரும் அதிர்வும் உண்டு. 2,800 சுற்றில் அது 93 ஹெர்ட்ஸ். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி அடுத்த பள்ளத்தில் விழுவீர்கள். முன்பின் திசையில் 31 என்பது 62 ஆகும். அதுவும் போதுமான தூரத்தில் இல்லை. உண்மையிலேயே விறைப்பாக வேண்டுமானால் 200 ஹெர்ட்ஸுக்கும் மேலே போக வேண்டும். லோடு செல் என்ற வில்லை வைத்துக்கொண்டு அது நடக்காது.

வேறு விதமாக யோசியுங்கள். பறக்கும்போது ஹெலி எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. அதன் அதிர்வை உண்மையாக அறிய வேண்டுமானால் அது காற்றில் தொங்குவதுபோல் நினைக்கும்படி விட வேண்டும். விமானத்துறையில் கட்டமைப்பின் அதிர்வுகளை அளக்கும்போது ரப்பர் கயிற்றில் தொங்கவிடுவது இதற்காகத்தான். ஹெலிக்கும் லோடு செல்லுக்கும் நடுவே மென்மையான ரப்பர் வைத்து, சாய்ந்தாடும் அதிர்வெண்ணை 9 அல்லது 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்குங்கள். 47 ஹெர்ட்ஸில் ரோட்டர் சுற்றும்போது ஸ்டாண்டுக்குப் போய்ச்சேரும் விசை இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஸ்டாண்டு ஹெலியோடு சேர்ந்து பாடாது.

தூக்குவிசை கெட்டுவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். அது நிலையான விசை. ரப்பர் வழியாக அப்படியே இறங்கும். எச்.எக்ஸ்.711ஐ நொடிக்கு 10 அளவு நிலையில் வைத்துச் சராசரி எடுங்கள். கேமரா கிம்பலில் வரும் சிறு ரப்பர் உருண்டைகள் நான்கு போதும். அறுந்துபோனால் ஹெலி பறந்துவிடாதபடி, ஃபிரேம் வழியாக ஒரு சைக்கிள் பிரேக் கம்பியைத் தளர்வாகக் கோத்துக் கட்டுங்கள்.

எவ்வளவு சிறிய பிழை இவ்வளவு ஆட்டத்தைத் தரும் என்பதற்கு ஒரு கணக்கு. பிளேடின் நடுப்பகுதியில், ஷாஃப்டிலிருந்து 20 செ.மீ. தூரத்தில், 0.1 கிராம் டேப் கூடுதலாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். 2,800 சுற்றில் அது இழுக்கும் விசை 1.7 நியூட்டன். 780 கிராம் ஹெலியை அது 0.2 ஜி அளவுக்குத்தான் ஆட்டும். பறப்பதற்கு அது ஒன்றுமில்லை. உங்கள் பழைய ஸ்டாண்டு அதைப் பதினைந்து, இருபது மடங்காகப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. நீங்கள் தூக்கிப்போட்ட பிளேடுகள் நல்ல பிளேடுகள்.

#11 அதிர்வெண், புதன் மதியம் 1.15

நிலா சொல்வதே சரி. தொழிற்சாலையில் சுழலும் இயந்திரங்கள் பலவற்றையும் இப்படித்தான் ரப்பரில் உட்கார வைக்கிறோம். ஓர் எச்சரிக்கை மட்டும். மென்மையான ஸ்டாண்டு என்றால் ரோட்டர் தொடங்கும்போது 9 ஹெர்ட்ஸை, அதாவது 540 சுற்றைக் கடந்துதான் மேலே போக வேண்டும். அங்கே தயங்கி நிற்கக் கூடாது.

#12 நிலா_பட்டறை, புதன் மதியம் 2.00

அதோடு தரை ஒத்ததிர்வும் இருக்கிறது. பெரிய ஹெலிகாப்டர்களே அதில் தரையில் நின்றபடி உதறிச் சிதறியிருக்கின்றன. பிளேடுகள் அவற்றைப் பிடித்திருக்கும் கிரிப்பில் முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவும் கீழே உள்ள கால்களின் ஆட்டமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தால் சில நொடிகளில் கட்டுமீறும். கோல்மனும் ஃபைன்கோல்டும் இதற்கு எழுதிய கணிதத்தை அமெரிக்காவின் நாகா (NACA, நாசாவின் முன்னோடி) அமைப்பு 1958இல் அறிக்கையாக வெளியிட்டது. இன்றும் அதுவே அடிப்படை. உங்கள் அளவில் ஆபத்து ஆயிரம் சுற்றுக்கும் கீழே இருக்கும். பிளேடு போல்ட்டை, ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு தானாக விழாமலும், லேசாக உலுக்கினால் விழும்படியும் இறுக்குங்கள். தயக்கமில்லாமல் வேகம் ஏற்றுங்கள். ஆட்டம் வளர்வது தெரிந்தால் அந்தக் கணமே த்ராட்டில் ஹோல்ட் (மோட்டாரை நிறுத்தும் ரிமோட் சுவிட்ச்).

#13 கைப்பிடி, புதன் இரவு 8.10

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையில் இதுவரை ஒருவரும் அருகில் நிற்பவரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசாதது எனக்கு உறுத்துகிறது. மேசை விளிம்பில், பட்டறைக்குள், 2,900 சுற்று!

ஒரு பிளேடு 33 கிராம் இருக்குமா? 2,800 சுற்றில் அது கிரிப்பை இழுக்கும் விசை ஏறத்தாழ 58 கிலோ எடைக்குச் சமம். நன்றாக வளர்ந்த ஒரு மனிதர் ஒவ்வொரு கிரிப்பிலும் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நுனியின் வேகம் மணிக்கு 370 கி.மீ.-க்கு மேல். பறக்கும்போது நாம் பத்து மீட்டர் தள்ளி நிற்கிறோம். ஸ்டாண்டில் வைத்ததும் கட்டிப்போட்ட மாடு என்று நினைத்து அருகில் போகிறோம். ரோட்டர் சுற்றும் தளத்தின் நேர்கோட்டில் யாரும் இருக்கக் கூடாது. சுவருக்குப் பின்னால் நின்று இயக்குங்கள். ஈ.எஸ்.பி.32 நின்றுபோனாலும் மோட்டாரை நிறுத்தும் வழி தனியாக, ரிமோட்டில் இருக்க வேண்டும்.

ஃபிளைபார் இல்லாத ஹெலிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, தான் திருத்தியும் ஹெலி அசையவில்லையே என்று இன்னும் இன்னும் திருத்தும். ஸ்வாஷ்பிளேட் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) தானாகவே சாய்ந்துகொண்டே போகும். டெயில் கைரோவும் அப்படித்தான். சர்வோ கடைசி வரை போய் நிற்கும். ஸ்டாண்டில் ஓட்டும்போது டெயிலை ரேட் நிலையில் (திசையைப் பிடித்து வைக்க முயலாத நிலை) வையுங்கள். ஸ்வாஷ்பிளேட்டுக்கான தானியங்கித் திருத்தத்தை நிறுத்தி வையுங்கள். உங்கள் 4.1 ஜி-யில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

#14 சுழல்விசிறி, புதன் இரவு 8.55

கைப்பிடி அண்ணா, நீங்கள் சொன்னது உறைத்தது. ஸ்வாஷ்பிளேட் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். சர்வோ கோளாறு என்று நினைத்தேன். மேசையில் இனி ஓட்ட மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் திறந்த இடம் இருக்கிறது. பழைய கார் டயருக்குள் கான்கிரீட் ஊற்றி இரும்புத் தூண் நடப்போகிறேன். எவ்வளவு உயரம் வைக்க?

#15 வானவெளி_சிங்கை, புதன் இரவு 11.30

உயரத்தைப் பற்றிய கேள்விக்குள்தான் உங்கள் 4 பாகைப் புதிரும் ஒளிந்திருக்கிறது.

மேசையில் ரோட்டர் எவ்வளவு உயரத்தில் இருந்தது? 25 செ.மீ. என்று ஊகிக்கிறேன். அடியில் தளம் இருந்தால் கீழே தள்ளிய காற்று தப்பிக்க முடியாமல் ரோட்டரைத் தாங்கும். சீஸ்மன், பென்னெட் இருவரின் எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ரோட்டர் ஆரத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்து, இருமடி ஆக்கி, ஒன்றிலிருந்து கழித்து, அதனால் தூக்குவிசையை வகுக்க வேண்டும். 355 மி.மீ. ஆரம், 250 மி.மீ. உயரம் என்றால் தூக்குவிசை ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல். 710 மி.மீ. உயரம் என்றால் 1.6 சதவீதம்தான்.

எதிர்ப்பக்கம் ஒரு பிழையும் உங்கள் ஸ்டாண்டில் இருந்திருக்கிறது. 780 கிராமைத் தாங்க உங்கள் ரோட்டர் காற்றை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழே தள்ளுகிறது. கீழே போகப் போக அது இரட்டிப்பாகும். அந்தக் காற்று 200 x 250 பலகையில் மோதி அதைக் கீழே அழுத்தும். நூறு கிராமுக்குப் பக்கத்தில்கூடப் போகலாம். பலகை லோடு செல்லின் மேல் இருந்ததால் அந்த அழுத்தமும் கணக்கில் சேர்ந்து, தூக்குவிசையைக் குறைத்துக் காட்டியிருக்கும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிட்டு மிச்சம்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அகலப் பலகை வேண்டாம். ஃபிரேமின் அடியில் 60 மி.மீ. அகல அலுமினியப் பட்டை போதும்.

செவ்வாய்க் கோளில் பறந்த நாசாவின் இஞ்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் என் நினைவுக்கு வருகிறது. 1.8 கிலோ எடை, 1.2 மீட்டர் ரோட்டர். நம் ஹெலிகளின் உறவுக்காரி. அதைச் சோதிக்க, நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தின் 7.6 மீட்டர் அகல வெற்றிடக் கூடத்தில் செவ்வாயின் மெல்லிய காற்றை உண்டாக்கினார்கள். பூமியின் கூடுதல் ஈர்ப்பைக் கழிக்க மேலிருந்து ஒரு கயிற்றால் இழுத்துப் பிடித்தார்கள். 2021 ஏப்ரல் 19 அன்று அது செவ்வாயில் எழும்பியதற்கு முன் அத்தனை ஆண்டுகள், ஸ்டாண்டு ஹெலியிடம் என்ன பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலைதான் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றும்.

தூண் 1.1 மீட்டர் இருந்தால் அளவுக்கு நல்லது.

#16 கைப்பிடி, வியாழன் காலை 6.40

1.1 மீட்டர் தூண் என்றால் ரோட்டர் 1.35 மீட்டரில், கழுத்து உயரத்தில் சுற்றும். ஒரு சதவீதத் துல்லியத்துக்காக அதைச் செய்யாதீர்கள்.

#17 வானவெளி_சிங்கை, வியாழன் காலை 7.15

அதை நான் யோசிக்கவே இல்லை. திரும்பப் பெறுகிறேன். ரோட்டர் 80 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், தரையின் தாக்கம் 1.2 சதவீதம்தான் வரும், அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

#18 சுழல்விசிறி, இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.25

தூண் நட்டாயிற்று. கான்கிரீட் இறுக ஏழு நாள் விட்டேன். ரோட்டர் 80 செ.மீ. உயரத்தில். பிளாஸ்டிக் கால்களைக் கழற்றிவிட்டு ஃபிரேமை நேரே அலுமினியப் பட்டையில் பூட்டினேன். அதற்கும் லோடு செல்லுக்கும் நடுவே நான்கு ரப்பர் உருண்டைகள், பிரேக் கம்பி. இயக்கும் இடம் மோட்டார் அறையின் சுவருக்குப் பின்னால். போனின் கேமராவைத் தூணருகே நிறுத்தித் திரையில் பார்க்கிறேன்.

ஓட்டுவதற்கு முன் தட்டினேன். மேலும் கீழும் 12, முன்பின் 7, இடவலம் 9 ஹெர்ட்ஸ். தெரிந்த எடைகளை வைத்து லோடு செல்லையும் மறுபடி அளவுதிருத்தம் செய்தேன், இழுக்கும் திசையிலும்.

2,200லிருந்து 3,100 வரை நூறு நூறாக ஏற்றினேன். மெயின் ரோட்டரின் அதிர்வெண்ணில் எங்கும் உச்சம் இல்லை. 2,800இல் 0.3 ஜி, 3,100இல் 0.37 ஜி. மெல்ல ஏறுகிறது, இறங்கவே இல்லை. அதிர்வெண் ஐயா சொன்ன இருமடிக் கணக்கு அப்படியே. 780 கிராமைத் தூக்க 4.8 பாகை பிட்ச், 121 வாட். பறந்தபோதைய 5 பாகையோடு ஒத்துப்போகிறது.

ஆனால் மாதிரிவீதம் சொன்ன அந்த 198 ஹெர்ட்ஸ் வேடம் கலைந்து நிற்கிறது. 1.9 ஜி. வரைபடத்தில் மற்ற எல்லாவற்றையும்விட உயரம். டெயில் பிளேடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் 0.2க்கு இறங்குகிறது. பூட்டினால் மறுபடி 1.9. டெயில் ஷாஃப்டை உருட்டிப் பார்த்தேன், நேராக இருக்கிறது.

#19 நிலா_பட்டறை, ஞாயிறு மாலை 7.00

டெயில் பிளேடுகளை எடை போடுங்கள், நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில். அங்கே ஆரம் சின்னதுதான், ஆனால் வேகம் நாலே கால் மடங்கு, அதன் இருமடி பதினெட்டு. மெயினில் 1.7 நியூட்டன் தந்த அதே 0.1 கிராம், டெயிலில் 4.5 செ.மீ. தூரத்தில் இருந்தாலே 7 நியூட்டன் தரும். அதுவும் நீண்ட பூமின் நுனியில்.

#20 சுழல்விசிறி, திங்கள் இரவு 9.15

அப்படித் தராசு என்னிடம் இல்லை. தெருமுனை நகைக்கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று 1.62 கிராம், மற்றது 1.75. உருகிய பிளாஸ்டிக் வழிந்து ஓரத்தில் ஒரு பிசிறு. விபத்துக்குப் பிறகு புதிதாக வாங்கிய ஜோடி அது. புதியது என்பதாலேயே அதை நான் சந்தேகிக்கவில்லை.

பிசிறைச் சீவி, மிச்சத்துக்கு இலகுவான பிளேடில் அதே தூரத்தில் டேப் ஒட்டினேன். இரண்டும் 1.69. இன்று மாலை ஓட்டியதில் 198 ஹெர்ட்ஸில் 0.3 ஜி.

#21 அதிர்வெண், செவ்வாய் காலை 5.50

தம்பி, மிக்க மகிழ்ச்சி. ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறை ரப்பர் மாற்றினாலும் போல்ட் கழற்றிப் பூட்டினாலும் அந்த மூன்று தட்டுகளையும் மறுபடி தட்டி, தேதி போட்டுத் தூணிலேயே எழுதி வையுங்கள். ரப்பர் வெயிலில் இறுகும். கோவை வெயில் சாதாரணமல்ல. 9 என்பது மெல்ல 15 ஆவது அப்போதுதான் தெரியும்.

#22 மேகத்தேர், செவ்வாய் காலை 8.30

விறைப்பாக்கச் சொன்னவன் நான். தவறான வழி காட்டியிருப்பேன். என் 500 ஹெலிக்கும் இதே ஸ்டாண்டு கட்ட வேண்டும். ரப்பர் உருண்டைகளின் அளவையும் பட்டையின் துளை இடைவெளியையும் தர முடியுமா?

#23 சுழல்விசிறி, செவ்வாய் இரவு 9.05

தருகிறேன். உருண்டை 12 மி.மீ. விட்டம், கையால் அழுத்தினால் பாதி அமுங்கும் வகை. பட்டை 60 x 180, 6 மி.மீ. தடிமன். துளைகள் நீளவாக்கில் 150, அகலவாக்கில் 44 மி.மீ. இடைவெளி. ஆனால் 500இன் எடை இரட்டிப்புக்கும் மேல், சுற்றும் குறைவு. என் உருண்டைகள் உங்களுக்குச் சரிவராது. உங்கள் ஹெட் ஸ்பீடு (மெயின் ரோட்டரின் சுற்று) எவ்வளவு? பேட்டரியோடு எடை எவ்வளவு? அந்த இரண்டு எண்களையும் போடுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.